வெட்ஜும் பரம்புப் பலகையும்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "பதினைந்து நிமிஷம் பேசணும், தொழில் சம்பந்தமா இருந்தாலும் சரி, பொழுதுபோக்கு சம்பந்தமா இருந்தாலும் சரி" என்றார். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றை எடுத்துக்கொண்டேன். கோல்ஃப் விளையாட்டில் வெட்ஜ் என்று ஒரு மட்டை இருக்கிறது. அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

"கோல்ஃபா? நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கிறது. நியாயமான சிரிப்புதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கொரியா, ஜப்பானிலிருந்து வந்த மேலதிகாரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ஃப். "நீயும் வாயேன்" என்று ஒரு நாள் கூப்பிடுவார்கள். போன பிள்ளைக்கு ஆட்டம் பிடித்துப் போகும். அடுத்த மாதச் சம்பளத்தில் கடைக்குப் போய், பளபளப்பாக இருப்பதை, பேர் பெற்ற கம்பெனி என்பதற்காக வாங்கி வந்துவிடுவார். புதிதாக ஒரு நல்ல வெட்ஜ் 10,000 ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தப் பணம் வீணாகக் கூடாது, அதைவிட மணிக்கட்டும் முழங்கையும் வீணாகக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் வெட்ஜ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. தூரம் அடிக்கச் சில, நடுத்தரத் தூரத்துக்குச் சில, குழிக்குள் தள்ள ஒன்று. கிரீனுக்குக் கிட்டே வந்த பிறகு பந்தை உயரத் தூக்கி மெத்தென்று இறக்குவதற்கும், பங்கர் என்கிற மணல் குழியிலிருந்து பந்தை வெளியே எடுப்பதற்கும் இருப்பதுதான் வெட்ஜ். அதன் முகம் நன்றாக மல்லாந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர். பிட்சிங் வெட்ஜ் 44 முதல் 48 டிகிரி வரை, கேப் வெட்ஜ் 50 முதல் 54 வரை, சாண்ட் வெட்ஜ் 54 முதல் 58 வரை, லாப் வெட்ஜ் 58-க்கு மேல் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த லாஃப்டைத்தான் எல்லாரும் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் நிறைய வெட்ஜுகளில் அதன் பக்கத்திலேயே சின்னதாக இன்னோர் எண் பொறித்திருக்கும். 56, அதன் பக்கத்தில் 10 என்று இருக்கும். அந்த 10-தான் பவுன்ஸ். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கண்ணில் படாத எண் அது. கைக்குள் அடங்குகிற மட்டையா, கையை உடைக்கிற மட்டையா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன எண்தான்.

பவுன்ஸ் என்றால் என்ன? மட்டையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பந்தின் பக்கம் இருப்பது முன்விளிம்பு, அதற்கு எதிர்ப்பக்கம் பின்விளிம்பு. மட்டைத் தண்டை நேராக நிறுத்திப் பிடித்தால், பின்விளிம்பு முன்விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். தரையோடு அந்த அடிப்பாகம் செய்கிற கோணம்தான் பவுன்ஸ். 4, 6 டிகிரி என்றால் குறைவு. 7 முதல் 10 வரை நடுத்தரம். அதற்கு மேல் 12, 14 என்று போனால் அதிகம்.

இது எதற்கு? நான் புள்ளலூர்க்காரன். புள்ளலூர் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு 1780 செப்டம்பர் நினைவுக்கு வரும். கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்த ஊர். எங்களுக்கு அது நெல் வயல். வயல் வேலை தெரிந்தவர்களுக்கு பவுன்ஸை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சேற்றுழவு முடிந்ததும் பரம்பு அடிப்போம் இல்லையா? மாடு பலகையை இழுக்கும், ஆள் அதன்மேல் நிற்பார். அவர் முன்னால் சாய்ந்தால் பலகையின் முன்விளிம்பு சேற்றில் குத்தி நின்றுவிடும், ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். கொஞ்சம் பின்னால் சாய்ந்து முன்விளிம்பைத் தூக்கிக் கொடுத்தால் பலகை சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பின்சாய்வுதான் பவுன்ஸ். இப்போது டிராக்டர் வந்துவிட்டது. ஆனால் கணக்கு மாறவில்லை.

மெக்கானிக்கல் பிரிவுத் தம்பிகளுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். லேத்தில் டூல் தீட்டும்போது கிளியரன்ஸ் ஆங்கிள் கொடுப்போம். டூலின் பின்பக்கம் வேலைப்பொருளில் உரசக் கூடாது, முனை மட்டும் வெட்ட வேண்டும் என்பதற்காக. வெட்ஜில் அதற்கு நேர்மாறு. பின்பக்கம் வேண்டுமென்றே தரையில் உரச வேண்டும். அப்போதுதான் முனை ஆழமாக வெட்டாது. கிளியரன்ஸை நெகட்டிவாகக் கொடுத்த டூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் அப்படித் தீட்டிக் கொண்டுபோனால் இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்!

இந்த யோசனை வந்த கதை சுவையானது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் என்பவர்தான் இதற்குப் பேர் போனவர். அவருக்கு முன்பே மணலுக்கென்று குழிவான முகம் வைத்த ஒரு மட்டை வந்தது. 1931-இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். சாரசன் வேறு வழியில் போனார். விமானம் மேலே கிளம்பும்போது வால் பகுதி தாழ்ந்து மூக்கு உயருவதைப் பார்த்துத்தான் தனக்கு யோசனை தோன்றியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாதாரண மட்டை ஒன்றை எடுத்து, அதன் அடிப்பாகத்தின் பின்பக்கம் ஈயத்தை உருக்கி வைத்து, அராவி, மணலில் அடித்துப் பார்த்து, மறுபடி அராவியிருக்கிறார். மட்டை மணலுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. 1932-இல் இங்கிலாந்தில் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனுக்கு அதைக் கொண்டுபோய் ஜெயித்தார். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை. ஈயம், அரம், மணல், பொறுமை, அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். அடிப்பாகத்தின் அகலம் 20 மில்லிமீட்டர், அது தட்டையானது என்று வைத்துக்கொள்வோம். 6 டிகிரி பவுன்ஸில் முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். 10 டிகிரியில் மூன்றரை. 14 டிகிரியில் ஏறத்தாழ 5. ஆக, குறைந்ததுக்கும் அதிகத்துக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். இந்த 3 மில்லிமீட்டரில்தான் பந்து கிரீனில் இறங்குவதும், ரெண்டடி தள்ளி விழுவதும் இருக்கிறது.

"பவுன்ஸ் அதிகம் இருந்தா மட்டை தரையில பட்டு எகிறி, பந்தோட நடுவுல வெட்டிடுமே" என்று பலருக்கு ஒரு பயம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதன் நடு, தரையிலிருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்விளிம்பு 5 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதால் மட்டும் பந்தின் வயிற்றில் அடிபடாது. இறுகிப்போன தரையில், பந்துக்கு முன்னாடியே மட்டை விழுந்து துள்ளினால்தான் அந்த விபத்து நடக்கும். அதில் கோணத்தின் பங்கு பாதி, கையின் பங்கு பாதி.

கை என்றேன். இதுதான் முக்கியமான இடம். மட்டையில் பொறித்திருக்கும் எண், தண்டு நேராக நிற்கும்போது உள்ள எண். அடிக்கும்போது யாரும் தண்டை அப்படி நிறுத்துவதில்லை. கையை இலக்கின் பக்கம் 5 டிகிரி முன்னால் தள்ளி அடித்தால், 10 டிகிரி பவுன்ஸ் 5 ஆகிவிடும். லாஃப்டும் 56-இலிருந்து 51 ஆகும். மாறாக, மட்டையின் முகத்தை விரித்து வைத்தால் பவுன்ஸ் கூடும். பங்கரில் முகத்தை விரித்து வையுங்கள் என்று சொல்லிக்கொடுப்பது அதனால்தான். ஆக, கடையில் வாங்குவது ஓர் எண், மைதானத்தில் கிடைப்பது வேறு எண். நடுவில் இருப்பது உங்கள் கை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தின வெட்ஜ் நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் நம் கையை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குப் பெரிய கருவி வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு பிடி கோலமாவு கொண்டுபோங்கள். பயிற்சி மைதானத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, புல்லின் மேல் ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து, இருக்கிற மட்டையாலேயே பத்து முறை வீசுங்கள். பிறகு குனிந்து, புல் பெயர்ந்த தடத்தைப் பாருங்கள். அதற்கு டிவட் என்று பெயர். அடை கனத்துக்கு மண்ணோடு பெயர்ந்து வந்திருந்தால் நீங்கள் மேலிருந்து செங்குத்தாக இறக்குகிறவர். உங்களுக்கு பவுன்ஸ் அதிகம் வேண்டும், அது மட்டையைப் புதைய விடாமல் தாங்கும். பேப்பர் ரோஸ்ட் கனத்துக்குப் புல்நுனி மட்டும் உரசியிருந்தால் நீங்கள் தாழ்வாக வீசுகிறவர். உங்களுக்குக் குறைந்த பவுன்ஸ் போதும், அதிகமானால் மட்டை துள்ளும். தடம் கோட்டுக்கு முன்னாடியே ஆரம்பித்திருந்தால் புது மட்டை வாங்காதீர்கள். அது மட்டையின் கோளாறு இல்லை, வீச்சின் கோளாறு. முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஆட்டம் முடிந்ததும் பெயர்த்த புல்லை எடுத்து அந்த இடத்திலேயே வைத்து அமுக்கிவிட்டு வாருங்கள். மைதானத்தில் மரியாதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

கைக்கு அடுத்தது தரை. இங்கேதான் வெளிநாட்டுப் புத்தகங்களை அப்படியே நம்பக் கூடாது. நம் தமிழ்நாட்டிலேயே எத்தனை விதமான தரை! ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களில் மழையும் பனியும் பட்டுத் தரை இளகியிருக்கும். அங்கே குறைந்த பவுன்ஸ் வெட்ஜ் மண்ணைத் தோண்டும். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் காய்ந்த காலத்தில் தரை இறுகும். அங்கே அதிக பவுன்ஸ் துள்ளும். சென்னை நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப் மைதானம் இருக்கிறது. அடையாற்றுக் கரைப் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தரை, சித்திரை வெயிலில் வேறொரு தரை. மைதானம் ஒன்றுதான், மண் ரெண்டு. சில ராணுவ மைதானங்களில் கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலில் பிரவுன்ஸ் வைத்திருப்பார்கள். அங்கெல்லாம் உயரத் தூக்கி அடிப்பதைவிட, குறைந்த பவுன்ஸில் தட்டி உருட்டுவதே பிழைக்கும் வழி.

புல்லையும் பார்க்க வேண்டும். பெர்முடா புல் என்று பெரிய பெயராகச் சொல்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்தான். கலப்பு ரகங்களும் அதன் வம்சமே. அதன் தண்டு தரையோடு படர்ந்து முடிச்சுப் போட்டு வேர் விடும். அடர்ந்து வளர்ந்த இடத்தில் முன்விளிம்பு அந்தப் படர்தண்டில் மாட்டிக்கொள்ளும். களை பிடுங்கியவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். அங்கேயும் கொஞ்சம் பவுன்ஸ் இருந்தால் மட்டை மாட்டாமல் வழுக்கும்.

மணல் விஷயம். பொலபொலவென்று ஆழமாக இருந்தால் அதிக பவுன்ஸும் அகலமான அடிப்பாகமும். ஈரமாக இறுகியிருந்தால், அல்லது அடியில் கெட்டித்தரை தட்டினால், குறைந்தது. ஆனால் அடிப்பதற்கு முன் மட்டையால் மணலைத் தொட்டுப் பதம் பார்க்க விதி இடம் தராது. காலை ஊன்றி நிற்கலாம். மணலின் பதத்தைப் பாதத்தால் தெரிந்துகொள்ளுங்கள். வயலில் நடந்து பழகின பாதத்துக்கு இது கஷ்டமே இல்லை.

கையும் தரையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்? செங்குத்தாக இறக்குகிறவர், ஆனால் ஆடுவதோ இறுகின தரையில். அப்போது நடுத்தரத்தில் நில்லுங்கள். 56 டிகிரியில் 10. என் கணக்கில் கை முதலில், தரை அடுத்தது. தரை மாசத்துக்கு மாசம் மாறும், ஊருக்கு ஊர் மாறும். கை எங்கே போனாலும் கூடவே வரும்.

வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் செட்டில் ஏற்கெனவே இருக்கும் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி என்று முதலில் கேளுங்கள். இப்போது வருகிற செட்டுகளில் அது 44-க்கும் கீழே இருக்கலாம். அதிலிருந்து நாலு முதல் ஆறு டிகிரி இடைவெளியில் அடுத்ததை வையுங்கள். இரண்டு, ஆரம்பத்தில் இரண்டு வெட்ஜ் போதும். கேப் வெட்ஜில் குறைந்த பவுன்ஸ், சாண்ட் வெட்ஜில் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டால் இறுகின தரைக்கு ஒன்று, இளகின தரைக்கு ஒன்று ஆயிற்று. மூன்று, 60 டிகிரி லாப் வெட்ஜ் இப்போதைக்கு வேண்டாம். தொலைக்காட்சியில் பார்க்க அழகாக இருக்கும், கையில் வந்தால் கழுத்தை அறுக்கும். நாலு, பழைய மட்டை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முகத்திலுள்ள வரிப்பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அடிப்பாகத்தை யாராவது அராவியிருந்தால் பொறித்த எண்ணை நம்பாதீர்கள்.

ஐந்தாவதாக ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கேடியைக் கேளுங்கள். உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். எந்தப் பங்கரில் மணல் ஆழம், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் தரை இறுகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி எந்த கேட்டலாக்குக்கும் தெரியாது. 1991-இல் இந்தியன் ஓப்பன் போட்டியை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டில்லியில் கேடியாக இருந்தவர். 1993-இல் மறுபடியும் ஜெயித்தார். 2009-இல் அதே போட்டியை ஜெயித்த பெங்களூர் முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்தான். "டேய், பையை எடுடா" என்று கூப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது. நம் கல்லூரியில் படித்த பிள்ளைகள் "அண்ணே, இங்க தரை எப்படிண்ணே?" என்று கேட்டால், மட்டைக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகமான விஷயம் இலவசமாகக் கிடைக்கும்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இறுகின தரையில் கூர்மையான முன்விளிம்பை வேகமாக இறக்கினால் அந்த அதிர்ச்சி முழுதும் மணிக்கட்டு வழியாக முழங்கைக்குத்தான் போகும். முழங்கையின் உட்புறம் வருகிற வலிக்கு மருத்துவத்தில் இந்த விளையாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மம்பட்டி பிடிக்கிறவர் தன் உயரத்துக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி பிடியையும் கோணத்தையும் பட்டறையில் சொல்லிச் சரி செய்துகொள்வார். நாள் முழுக்க வெட்டினாலும் தோள் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். படித்த நாம்தான் விளம்பரம் பார்த்து வாங்கிவிட்டு, வலி வந்ததும் களிம்பு தேய்க்கிறோம்.

தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது ஆண்கள் ஆட்டம் என்று ஒதுங்காதீர்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நாலாவது இடம் வந்தார். கடைசி நாள் வரைக்கும் பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வீச்சு வேகம் குறைவாக இருந்தால் மட்டை மண்ணில் புதைந்த பிறகு வெளியே இழுத்து வரப் பலம் போதாது. ஆகவே எடை குறைந்த மட்டை என்பதை மட்டும் பார்க்காமல், போதுமான பவுன்ஸும் அகலமான அடிப்பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரத்தில் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர், "சார், இவ்வளவு பார்க்கணுமா? நல்ல கம்பெனி மட்டையை வாங்கிட்டா போதாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்பதால் பதிலையும் இங்கே சேர்க்கிறேன். நல்ல கம்பெனி நல்ல இரும்பு கொடுக்கும், கோணத்தைப் பிசகாமல் கடைந்து கொடுக்கும். ஆனால் உங்கள் கை எப்படி இறங்குகிறது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. நீங்கள் ஆடுகிற மண்ணை அது பார்த்ததில்லை. அந்த இரண்டையும் அளந்து சொல்ல வேண்டியது நீங்கள். வேலைக்குப் போனபின் பம்பு வாங்கினாலும், மோட்டார் வாங்கினாலும், மென்பொருள் வாங்கினாலும் இதே கதைதான். விற்கிறவர் பொருளைப் பற்றிச் சொல்வார். இடத்தைப் பற்றி வாங்குகிறவர்தான் சொல்லியாக வேண்டும்.

அடுத்த கூடலுக்குள் நம் சங்கத்தில் நாலு பேராவது கோலமாவுக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "நான் அடை, நீ பேப்பர் ரோஸ்ட்" என்று பேசிக்கொண்டால் இந்தப் பதினைந்து நிமிஷம் வீணாகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.